மூக்கால் பாடினார்களா? ஆர்தர் சல்லிவனும் அந்தப் பழைய பிளேட்டுகளும்

வாசகர் கேள்வி, 4 நவம்பர் 2023

ஆர்தர் சல்லிவன் இசையமைத்த 'தி மிக்காடோ' இசை நாடகத்தின் மிகப் பழைய பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். 1900ஐ ஒட்டி வந்தவை. எல்லாரும் மூக்கால் பாடுகிறார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி அவசரம் வேறு. சல்லிவன் காலத்து லண்டன் மேடையில் இப்படித்தான் பாடினார்கள் என்றால், அந்த நாடகங்கள் வருஷக்கணக்கில் எப்படி ஓடின? இன்னொரு சந்தேகம். சல்லிவன் 1900லேயே இறந்துவிட்டார். பதிவு செய்யும் கருவி என்று ஒன்று வந்ததாவது அவருக்குத் தெரியுமா?

4 நவம்பர், இரவு

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்குச் சல்லிவன் குரலிலேயே பதில் இருக்கிறது.

எடிசனின் திருத்திய ஃபோனோகிராஃபை லண்டனுக்குக் கொண்டுவந்தவர் கர்னல் ஜார்ஜ் கூரோ. 1888 ஆகஸ்ட் 14 அன்று பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அதை ஒலிக்கவிட்டுக் காட்டினார். அன்று அவர் போட்டுக் காட்டிய மெழுகு உருளையில் கார்னெட்டும் பியானோவும் சேர்ந்து வாசித்த ஒரு பாட்டு இருந்தது. அது சல்லிவனின் 'தி லாஸ்ட் கார்ட்'. இசை என்று பதிவானவற்றில் இன்றும் காதால் கேட்கக்கூடிய மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

அப்புறம் கூரோ தன் வீட்டில் விருந்துகள் வைக்க ஆரம்பித்தார். எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை நினைத்து வீட்டுக்கே 'லிட்டில் மென்லோ' என்று பெயர். அக்டோபர் 5ஆம் தேதி விருந்துக்குச் சல்லிவன் போனார். சாப்பாடு முடிந்ததும் விருந்தினர்கள் கருவியின் முன் பேசினார்கள். பேச்சு கடல் தாண்டி எடிசனுக்குப் போகும். சல்லிவன் தன் முறை வந்ததும், தனக்கு முன் பேசிய பத்திரிகையாளர் எட்மண்ட் யேட்ஸின் பேச்சு கொஞ்சம் குழறியிருந்தால் அதற்கு நல்ல சாப்பாடும் நல்ல பானமும்தான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினார். பிறகு குரல் மாறுகிறது. இந்த மாலையின் சோதனையைப் பார்த்து வியப்பும் ஓரளவு திகிலும் அடைந்திருக்கிறேன் என்கிறார். வியப்பு, இந்தக் கருவியின் சக்தியைக் கண்டு. திகில், இவ்வளவு மோசமான இசையெல்லாம் என்றென்றைக்கும் பதிவாகி நின்றுவிடுமே என்று நினைத்து. ஆனாலும் தன் வாழ்வில் கண்ட ஆகப்பெரிய அதிசயம் இதுதான் என்று சொல்லி எடிசனை மனதார வாழ்த்தி முடிக்கிறார்.

ஆக, தெரியும். அந்தக் கருவியைப் பற்றி இசையமைப்பாளர் ஒருவர் சொன்ன முதல் கவலையே அவருடையதாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

4 நவம்பர், இன்னும் கொஞ்சம் இரவு

தேதியைக் கவனித்தீர்களா? அக்டோபர் 5. 'தி யோமன் ஆஃப் தி கார்ட்' சவாய் தியேட்டரில் அரங்கேறியது அக்டோபர் 3. சல்லிவன்தான் அன்று இசைக்குழுவை நடத்தினார். பாட்டும் வசனமும் எழுதிய கில்பர்ட்டும் இசையமைத்த சல்லிவனும் சேர்ந்து செய்தவற்றில் கண்ணீரில் முடியும் நாடகம் அது ஒன்றுதான். மாதக்கணக்காக உழைத்து, அரங்கேற்றி, இரண்டே நாளில் கூரோ வீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குரலில் ஒரு தளர்வு தெரிகிறது என்று எனக்குத் தோன்றுவது இதைத் தெரிந்துகொண்டு கேட்பதால்தானோ என்னவோ. ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தோன்றுகிறது.

5 நவம்பர், காலை

இப்போது மூக்கு விஷயம்.

1925 வரை பதிவுக்கூடத்தில் மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு தகரப் புனல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாய்க்குள் பாட வேண்டும். ஒலியின் விசைதான் புனலின் கடைசியில் இருக்கும் மெல்லிய தகட்டை அதிரவைக்கிறது, அந்த அதிர்வுதான் ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறுகிறது. நடுவில் மின்சாரம் எதுவும் இல்லை. இந்தப் பாதையில் குரலின் அடிப்பகுதியும் தப்பாது, உச்சியும் தப்பாது. நடுவில் ஒரு பட்டை மட்டும் பிழைத்து வரும். மார்பிலிருந்து வரும் கனம் போய்விட்டால் எந்தக் குரலும் மூக்குக் குரலாகத்தான் கேட்கும். தொலைபேசியில் சொந்த அண்ணன் பேசினாலே யாரோ போல இருக்கும் அல்லவா, அதே கதை.

வாத்தியங்களுக்கும் இதே கதிதான். வயலின் ஒலி புனலுக்குள் போகப் பத்தாது என்று, மரப்பெட்டிக்குப் பதில் உலோகப் புனல் வைத்த ஸ்ட்ரோ வயலினை வாசித்தார்கள். டபிள் பாஸ் என்கிற பெரிய தந்திக் கருவியின் வேலையை டூபா என்கிற பித்தளை ஊதுகருவி பார்த்தது. சல்லிவன் இசைக்குழுவுக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். குரலுக்குப் பின்னால் கிளாரினெட்டும் பஸூனும் கண்சிமிட்டுகிற மாதிரி எழுதுவார். அந்தக் கண்சிமிட்டல் எதுவும் பழைய பிளேட்டில் கிடையாது. பாட்டின் எலும்பு மட்டும்தான் கிடைக்கும்.

5 நவம்பர், மதியம்

அவசரத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று இடப்பற்றாக்குறை. தட்டு கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் காலத்து 7 அங்குலத் தட்டில் சுமார் 2 நிமிடம்தான் அடங்கும், 10 அங்குலத்தில் சுமார் 3. 'மிக்காடோ'வில் வரும் 'டிட் வில்லோ' பாட்டுக்கு மூன்று சரணம். காதலில் தோற்று ஆற்றில் விழுந்து உயிரை விட்ட ஒரு சின்னப் பறவையின் கதை அது. கிழவி கட்டிஷாவின் மனதைக் கரைக்க கோகோ பாடுவது. நிறுத்தி நிதானமாகப் பாடினால்தான் கிழவி கரைவாள். மேடையில் அதற்கு நேரம் இருந்தது, மெழுகில் இல்லை. ஒன்று சரணத்தை வெட்டுவார்கள், இல்லையென்றால் ஓடுவார்கள்.

இரண்டாவது காரணம் வேகம். இதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, தனியாக எழுதுகிறேன்.

5 நவம்பர், இரவு

என் பெரியப்பா வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. தட்டு சுழலும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு. பெரியப்பா பாட்டு தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அந்த நெம்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். "இப்பதான் ஆள் உள்ள வந்தான்" என்பார். பத்து வயதில் எனக்கு அது விளையாட்டாகப் பட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் கடை ஒன்றில் 'டிட் வில்லோ' ஒற்றைப் பக்கத் தட்டு கிடைத்தது. பாடகர் பெயர் தேய்ந்துபோயிருந்தது. கடைக்காரர் உறுதியாகச் சொன்னார், "78ல ஓட்டுங்க சார், எல்லாமே 78தான்." வீட்டுக்கு வந்து ஓட்டினேன். நீங்கள் சொன்ன அதே குரல்தான். தகரடப்பாவுக்குள் ஒரு மனிதர் மூச்சுவிடாமல் ஓடுகிறார். இரண்டு தடவை கேட்டுவிட்டு உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு வருஷம் அதைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள் வேறு எதற்கோ அந்தப் பாட்டின் இசைத்தாளைப் பார்த்தேன். சல்லிவன் எழுதிய சுருதி டி. நம் கணக்கில் இரண்டு கட்டை. என் தட்டு எந்தக் கட்டையில் பாடுகிறது என்று கீபோர்டை வைத்துப் பார்த்தால் இரண்டரை. சரியாக அரைக் கட்டை ஏறியிருக்கிறது. பெரியப்பாவின் நெம்பு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அரைக் கட்டை ஏற்றம் என்றால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். 78 என்பது பின்னால் நிலைத்த கணக்கு. ஆரம்ப காலத்தில் ஒரே நிறுவனம்கூடத் தட்டுக்குத் தட்டு வெவ்வேறு வேகத்தில் பதிந்திருக்கிறது. 70லும் இருக்கும், 80லும் இருக்கும். லேபிளில் எழுதியிருக்காது. காகிதத்தில் 81 கோடு போட்ட வட்டம் ஒன்றை வெட்டித் தட்டின் மேல் வைத்து, பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை வேகத்தைக் குறைத்தேன். நம் ஊர் 50 சுழற்சி மின்சாரத்துக்கு அது நிமிடத்துக்கு 74 சுற்று.

ஓட்டினேன். மூக்கு குறைந்துவிட்டது. மனிதர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் மனைவியை எழுப்பிக் கேட்கவைத்தேன்.

6 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நண்பர் ஒருவர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார், நியாயம்தான். பாடகர் தன் குரலுக்கு ஏற்ப சுருதியை மாற்றிப் பாடியிருக்கலாமே? எழுதிய சுருதி டி என்பதால் மட்டும் தட்டிலும் டி என்று எப்படிச் சொல்வது?

எல்லாத் தட்டுக்கும் சொல்ல முடியாது. இந்தத் தட்டுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பின்னால் வாசிப்பது பியானோ இல்லை, ஊதுகருவிகள் நிறைந்த சின்ன பேண்ட். அச்சிட்ட தாளை முன்னால் வைத்து வாசிப்பவர்கள் அரைக் கட்டை மட்டும் தூக்கி வாசிப்பது அபூர்வம். பியானோக்காரர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவார், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

8 நவம்பர்

தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. இது பெரியது, யாரும் சுட்டிக்காட்டவில்லை.

நான் கீபோர்டை வைத்து அளந்தேன். கீபோர்டின் ஏ ஒலி நொடிக்கு 440 அதிர்வு. ஆனால் விக்டோரியா கால இங்கிலாந்தில் சுருதியே இன்றையதைவிட உயரம். பழைய ஃபில்ஹார்மானிக் சுருதி என்பார்கள், ஏ ஒலி 452ஐ ஒட்டி. 1896ல் ஃபில்ஹார்மானிக் சங்கம் அதை 439க்கு இறக்கியது. ஆனால் பேண்டுகள் உடனே இறங்கவில்லை. பித்தளைக் கருவிகளையும் கிளாரினெட்டுகளையும் மொத்தமாக மாற்றினால் எவ்வளவு செலவு! ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசிவரை பழைய சுருதியிலேயே இருந்தன.

என் தட்டில் வாசிப்பது அப்படி ஒரு பேண்ட் என்றால், அவர்களுடைய இரண்டு கட்டை என் கீபோர்டின் இரண்டு கட்டையைவிடக் கால் கட்டை தூக்கலாக இருந்திருக்கும். அப்படியானால் அரைக் கட்டை ஏற்றத்தில் பாதிதான் வேகத்தின் குற்றம். நான் அவரை அளவுக்கு மீறி நிதானப்படுத்திவிட்டேன். சரியான வேகம் 74 இல்லை, 76ஐ ஒட்டி.

மறுபடியும் காகிதம் வெட்ட வேண்டும். இந்த முறை 79 கோடு.

8 நவம்பர், சாயங்காலம்

"கட்டை கணக்கு போதும், சல்லிவன் மனுஷன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

1842ல் லண்டன் லாம்பெத்தில் பிறந்தவர். அப்பா பேண்ட் மாஸ்டர். சின்ன வயதில் சாப்பல் ராயல் என்கிற அரச தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். மெண்டல்சன் உதவித்தொகையில் லைப்சிக் போய்ப் படித்துவிட்டு வந்து, 'தி டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு எழுதிய இசை 1862ல் கிரிஸ்டல் பேலஸில் வாசிக்கப்பட்டபோது ஒரே நாளில் பெயர் வந்தது. அதை நடத்தியவர் ஆகஸ்ட் மான்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். 1888 ஜூன் 29 அன்று அதே கிரிஸ்டல் பேலஸில் நாலாயிரம் பேர் பாடிய ஹேண்டல் விழாவையும் மான்ஸ்தான் நடத்தினார். அதை கூரோவின் ஃபோனோகிராஃப் மெழுகில் பிடித்தது. கூட்டத்தின் இரைச்சல் போலத்தான் கேட்கும். ஆனால் சல்லிவனை உலகத்துக்குக் காட்டிய கையின் அசைவுக்குப் பாடிய குரல்கள் அவை.

கில்பர்ட்டோடு சேர்ந்தது 1871ல். 1875ல் 'டிரையல் பை ஜூரி', 1878ல் 'எச்.எம்.எஸ். பினஃபோர்', 1885ல் 'தி மிக்காடோ'. எப்படி ஓடின என்று கேட்டீர்களே. முதல் ஓட்டத்தில் பினஃபோர் 571 காட்சி, மிக்காடோ 672. மூக்கால் பாடியிருந்தால் ஓடியிருக்காது.

முப்பது வயதுக்குப் பிறகு சிறுநீரகக் கல் அவரை விடாமல் படுத்தியது. துள்ளிக் குதிக்கிற எத்தனையோ பாட்டுகளை வலிக்கு நடுவில் எழுதியிருக்கிறார். எனக்கு அவரை ஏன் பிடிக்கும் என்றால் இதற்காகத்தான். வலி பாட்டுக்குள் வந்ததே இல்லை.

9 நவம்பர்

'தி லாஸ்ட் கார்ட்' பற்றி ஒரு குறிப்பு. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

சல்லிவனின் அண்ணன் ஃபிரெட். 'டிரையல் பை ஜூரி'யில் நீதிபதியாக முதலில் நடித்துக் கைத்தட்டல் வாங்கியவர் அவர்தான். 1877 ஜனவரியில் அவர் சாகக் கிடந்தார். தம்பி படுக்கைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தார். அப்படி ஒரு வேளையில், அடிலெய்ட் ப்ராக்டர் எழுதிய கவிதை ஒன்றுக்கு இசை வந்தது. களைத்துப்போன ஒருத்தி ஆர்கன் முன்னால் உட்கார்ந்து மனம்போன போக்கில் விரல்களை ஓட்டுகிறாள். திடீரென்று ஒரு சுரக்கூட்டு, பெரிய ஆமென் போல. மனதின் புண்ணெல்லாம் ஆறிவிடுகிறது. அது நின்றுபோகிறது. எவ்வளவு தேடியும் மறுபடி அகப்படவில்லை. இனி மரணத்துக்கு அப்பால்தான் கேட்குமோ என்கிறாள். கையெழுத்துப் பிரதியில் தேதி ஜனவரி 13. ஃபிரெட் ஜனவரி 18ல் போய்ச் சேர்ந்தார்.

அதே 1877ன் கடைசியில் எடிசன் தகரத்தாளில் முதல்முறையாகக் குரலைப் பிடித்தார். பதினொரு வருஷம் கழித்து லண்டனுக்கு அந்தக் கருவியைக் காட்ட, தொலைந்துபோன ஒலியைப் பற்றிய இந்தப் பாட்டையே ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். கூரோவுக்கு அது தெரிந்த, ஊரெல்லாம் பாடிய பாட்டு, அதனால் எடுத்திருப்பார். எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

சல்லிவனின் நெருங்கிய தோழி ஃபேனி ரொனால்ட்ஸ் இந்தப் பாட்டை அருமையாகப் பாடுவாராம். கையெழுத்துப் பிரதியைச் சல்லிவன் அவருக்கே எழுதிவைத்தார். 1916ல் அவர் இறந்தபோது அந்தப் பிரதியையும் கூடவே புதைத்தார்கள்.

10 நவம்பர், காலை

மேலே கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு பரவலாக இருக்கிறது. புதைக்கப்பட்டது பாட்டின் ஒரு பிரதி. சல்லிவன் கைப்பட எழுதிய மூலம் பாடகி கிளாரா பட்டிடம் வந்து சேர்ந்து, பின்னர் அவர் கணவர் வழியாக லண்டன் இசைக்கலைஞர் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரி உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் இப்படித்தான் ஆகிறது, இனி காலையில் எழுதுகிறேன்.

10 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

கிளாரா பட் என்றதும் சொல்ல வேண்டும், அவர் பாடிய 'லாஸ்ட் கார்ட்' பிளேட்டைக் கேளுங்கள். பெண் குரலா கோயில் மணியா என்று சந்தேகம் வரும். புனல் அந்தக் குரலின் அடிப்பகுதியைத் தின்ன முயன்று தோற்றுப்போயிருக்கிறது. அடுத்து இத்தாலியப் பாடகர் கரூசோ. 1912 ஏப்ரல் 29 அன்று டைட்டானிக்கில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நடந்த நிகழ்ச்சியில் அவர் பாடிய பாட்டு இது. அந்த வருஷமே தட்டுக்கும் பாடினார். ஆங்கில உச்சரிப்பு கொஞ்சம் இத்தாலியக் கரையில் நிற்கும். பரவாயில்லை, கடைசி 'கிராண்ட் ஆமென்' வரும்போது எதுவும் ஞாபகம் இருக்காது.

12 நவம்பர்

"சல்லிவன் முன்னால் பாடியவர்கள் யாருடைய குரலாவது இருக்கிறதா?" நல்ல கேள்வி. இருக்கிறது, ஆனால் நாம் ஏங்குகிறவர்களுடையது இல்லை.

ஜார்ஜ் கிராஸ்மித்தான் 'மிக்காடோ'வின் மூல கோகோ, லண்டனில் 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தின் மூல மேஜர் ஜெனரல், 'யோமன்' நாடகத்தின் மூல ஜாக் பாயிண்ட். நாக்கு சுளுக்கும் அந்த வாய்வேகப் பாட்டுகளெல்லாம் அவருக்காகத் தைத்த சட்டை. 1912வரை உயிரோடு இருந்தார். இசைத்தட்டுத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம். அப்படியும் அவர் பாடிய பதிவு ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ரிச்சர்ட் டெம்பிள் இருக்கிறார். மிக்காடோ மன்னராக முதலில் நடித்தவர் அவர்தான். கிழண்டுபோகும் வயதில் தட்டுக்குப் பாடியிருக்கிறார். மன்னர் பாடும் அந்தப் பெரிய பாட்டு, குற்றத்துக்குத் தக்க தண்டனை என்று பட்டியல் போடுவது, அரங்கேற்றத்துக்குச் சற்று முன்னால் வேண்டாம் என்று கில்பர்ட் வெட்டிவிட்டார். கோரஸ் பாடகர்கள் திரண்டு போய்க் கெஞ்சியதால்தான் திரும்பி வந்தது. அவர்கள் அன்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் மிக்காடோவின் மிகப் புகழ்பெற்ற பாட்டு குப்பைக்கூடையோடு போயிருக்கும்.

வால்டர் பாஸ்மோர் 1890களில் சவாயில் சேர்ந்தவர், சல்லிவன் நடத்திய ஒத்திகைகளில் நின்றவர். அவர் நிறையவே பதிந்திருக்கிறார். அப்புறம் ஹென்றி லிட்டன். 1887ல் கிராஸ்மித் நோயில் படுத்தபோது 'ரடிகோர்' நாடகத்தில் அவருக்குப் பதிலாக மேடையேறியவர். அதே லிட்டன் 1926ல், தன் 61ஆம் வயதில், மைக் வந்த பிறகான முதல் மிக்காடோ பதிவில் கோகோவாகப் பாடினார். குரல் வற்றிவிட்டது, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிறது. கிராஸ்மித்துக்கு மிக அருகில் நாம் போகக்கூடிய இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

13 நவம்பர்

லிட்டனைப் பற்றி எழுதியபோது விட்டது. 1917லிருந்து எச்.எம்.வி. இந்த நாடகங்களை ஒவ்வொன்றாக முழுத் தொகுப்பாக வெளியிட்டது, நாடகங்களின் மேடை உரிமையை வைத்திருந்த டாய்லி கார்ட் குடும்பத்தின் ஒப்புதலோடு. ஆனால் பாடியவர்களில் பெரும்பாலோர் மேடை நடிகர்கள் இல்லை, கச்சேரிப் பாடகர்கள். புனலுக்கு ஏற்ற குரல் உள்ளவர்களாகப் பொறுக்கினார்கள். ஆகவே அந்தத் தொகுப்புகளை வைத்து "மேடையில் இப்படித்தான் பாடினார்கள்" என்று முடிவுகட்ட வேண்டாம். சங்கீதம் சுத்தமாக இருக்கும், நகைச்சுவை வெளியே நின்றுவிடும்.

15 நவம்பர்

பணம் பற்றிக் கேட்டவருக்கு. இந்தப் பிளேட்டுகளால் சல்லிவனுக்கு ஒரு காசும் வந்திருக்க வழியில்லை. 1899ல் ஒரு வழக்கு. 'லாஸ்ட் கார்ட்' இசைத்தாளை வெளியிட்ட அதே பூசி நிறுவனம், துளையிட்ட காகிதச் சுருளால் தானே வாசிக்கும் கருவிகளை விற்றவர்மேல் போட்டது. எங்கள் இசைத்தாளை நகல் எடுக்கிறார்கள் என்பது புகார். துளைச் சுருள் இசைத்தாளின் நகல் ஆகாது என்றது நீதிமன்றம். இங்கிலாந்தில் ஒலிப்பதிவுக்கு இசையமைப்பாளர் அனுமதியும் பங்கும் வேண்டும் என்று சட்டம் வந்தது 1911ல். அந்த வருஷம் மே மாதம் கில்பர்ட்டும் இறந்துவிட்டார்.

இதில் பழைய காயம் ஒன்றும் உண்டு. 'பினஃபோர்' வந்தபோது அமெரிக்காவில் அனுமதி இல்லாமல் ஏகப்பட்ட குழுக்கள் அதை நடத்தின. அதனால்தான் அடுத்த நாடகத்தை, கடற்கொள்ளையர் கதையான 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தை, 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே நேரில் போய் அரங்கேற்றினார்கள்.

19 நவம்பர்

இன்று ஞாயிறு. ஒன்று ஞாபகம் வந்தது.

நான் படித்த பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் ஆங்கிலக் கீர்த்தனை ஒன்று பாடுவோம், 'ஆன்வர்ட் கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்'. ஹார்மோனியம் வாசித்த ஆசிரியர் கால் மிதியைப் போட்டு உதைப்பார். எங்களுக்கு அது நடைபோடுகிற பாட்டு, வகுப்புக்குப் போகும்வரை காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மெட்டும் சல்லிவனுடையது, 1871ல் போட்டது. எனக்கு இது தெரிந்தபோது வயது நாற்பது. 'மிக்காடோ'வின் அணிவகுப்புப் பாட்டை முதல்முறை கேட்டபோது இந்த ஆளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

22 நவம்பர்

சல்லிவன் இறந்த நாள். 1900ல் இதே தேதி, சங்கீதத்தின் காவல் புனிதை செசிலியாவின் திருநாள். செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். தேம்ஸ் கரைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. மேலே மார்பளவுச் சிலை, தூணில் சாய்ந்து அழும் இசைத்தேவதை, பக்கத்தில் 'யோமன்' பாட்டின் வரிகள். உயிர் ஒரு வரம் என்றால், சாவு எப்போது அழைத்தாலும் அது சீக்கிரம் அழைத்ததாகத்தான் இருக்கும் என்ற பொருள். அந்த மெட்டு கில்பர்ட்டுக்குப் பிடிக்காமல் சல்லிவன் திரும்பத் திரும்பப் போட்டுக்கொடுத்த பாட்டு அது. அரங்கேறி இரண்டாம் நாள் கூரோவின் கருவி முன்னால் அவர் பேசியபோது அந்த மெட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

23 நவம்பர், இரவு

79 கோடு போட்ட வட்டத்தை வெட்டிவிட்டேன். டியூப் லைட் போட்டு, கோடுகள் நிற்கும்வரை இழுத்து, ஊசியை வைத்தேன்.

74ல் அவர் கொஞ்சம் தூங்கிவழிந்திருக்கிறார், அது இப்போதுதான் தெரிகிறது. 76ல் நடை சரியாக இருக்கிறது. மூக்கு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, அது புனலின் பங்கு, நம்மால் ஆகாது. ஆனால் கடைசிச் சரணத்தில், பறவையின் பெயரைக் கடைசி முறை சொல்வதற்கு முன்னால், அவர் நிறுத்தி மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சுச் சத்தம் தட்டில் இருக்கிறது. நாலு வருஷமாக என்னிடம் இருக்கும் தட்டு, இதற்கு முன் எனக்கு அது காதில் விழவில்லை. மூன்று முறை ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் இருந்தது.